நூற்றுப் பதினேழில் ஒரு புள்ளி

இந்தாருங்கள் அக்கா, இரண்டு படம். வாங்கிப் பாருங்கள். இது திங்கட்கிழமை எடுத்தது, இது புதன்கிழமை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். இல்லை. புதன்கிழமைப் படத்தில் ஒரு புள்ளி அதிகம். எங்கே என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது, அது எங்கள் விதி. பார்த்தவள் இடத்தைச் சொல்லிவிட்டால் அடுத்தவள் கண் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, இல்லாததைக்கூட இருக்கிறது என்று சொல்லும். அதனால் நீங்களே தேடுங்கள். இன்றைக்குத்தான் வாணியம்பாடியில் புதுக் கண்ணாடி வாங்கினேன் என்று கண்டக்டரிடம் சொன்னீர்களே, அதற்கு ஒரு வேலை ஆயிற்று.

ஆலங்காயம் தாண்டிவிட்டோமா? மேலே போக இன்னும் எவ்வளவு நேரம்? முக்கால் மணியா? இந்த பஸ் போகிற வேகத்துக்கு நான் இறங்கி நடந்திருக்கலாம்.

மேலே எனக்கு யாரும் இல்லை. அந்த வெள்ளைக் குண்டு இருக்கிறதே, பெரிய டெலஸ்கோப் வைத்த கட்டடம், அங்கேதான் போகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வெளியாட்களை உள்ளே விடுவார்களாம். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. இந்தப் படத்தைக் காட்டி, "இன்னிக்கு ஒரு தடவை டெலஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க சார்" என்று கேட்கப் போகிறேன். முடியாது என்றால் கேட் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன். திங்கட்கிழமை விடிந்தால் எனக்கு ஆகாது. இன்றைக்கு இல்லையென்றால் இல்லை.

சொல்கிறேன், இருங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பெயர் சங்கவி. ஆம்பூர். வயது பதினெட்டு. ப்ளஸ் ஒன்னோடு நின்றுவிட்டேன். கணக்கில் பதினொன்று, கெமிஸ்ட்ரியில் ஆப்சென்ட். வீட்டில் கஷ்டம், அப்பா குடி என்று ஏதாவது சொன்னால் கேட்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அதெல்லாம் இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், டீ கூடக் குடிப்பதில்லை. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இருப்பது அதில் இல்லையா, அதில் இருப்பது இதில் இல்லையா என்று பார்க்க வேண்டும். ஒரு தையல் குறைந்தால்கூட எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு நானூறு ஜோடி. சூப்பர்வைசரே சொல்வார், "உனக்கு கண்ணு இல்லமா, ஸ்கேனர்" என்று.

வானத்திலும் அதே வேலைதான் அக்கா. நம்புங்கள். ரொம்பத் தூரத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கூட்டமாக இருக்கும், நமக்கு ஒரு பஞ்சுத் துண்டு மாதிரித் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் எப்போதாவது வெடிக்கும். வெடித்தால் கூட்டம் மொத்தத்துக்கும் சமமாகத் தனியாக எரியும். சில வாரம். அப்புறம் அணைந்துவிடும். எப்போது எந்தக் கூட்டத்தில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தினமும் படம் எடுக்க வேண்டும், பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இடது ஷூ, வலது ஷூ.

இதைச் செய்கிறவர்கள் எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி. கோயம்புத்தூரில் லோகநாதன் சார் என்று ஒருவர், அவர்தான் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு டெலஸ்கோப்பும் கேமராவும் கொடுத்திருக்கிறார். என் ஜோடி ரெபெக்கா. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் படித்தாள், இப்போது வேலூரில் காலேஜ், ஹாஸ்டல். டெலஸ்கோப் ஆம்பூரில் அவள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. நான் ஷிப்ட் முடிந்து போய், ஏழரையிலிருந்து பத்து மணிவரை படம் எடுப்பேன். எடுத்ததை அவளுக்கு அனுப்புவேன். அவளும் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். ரெபெக்கா அம்மா தினமும் எனக்குத் தோசை ஊற்றிக் கொடுப்பார். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. நான் நியாயமாகத்தான் பேசுவேன்.

என்ன, அந்த ஓரத்துப் புள்ளியா? அது இரண்டிலும் இருக்கிறது அக்கா. நன்றாகப் பாருங்கள்.

பிப்ரவரியில் ஒன்று நடந்தது. எங்கள் பட்டியலில் அறுபத்து மூன்றாம் கூட்டத்தில் ஒரு புதுப் புள்ளி பார்த்தேன். ரெபெக்காவுக்கு போன் போட்டால், "இருடி, நாளைக்கு இன்னொரு படம் எடு, அதே இடத்துல நிக்குதா பாப்போம்" என்கிறாள். நாளைக்கு! அதற்குள் எவனாவது ஜப்பான்காரன் அனுப்பிவிட்டால்? முதலில் அனுப்புகிறவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். உலகத்துக்கே ஒரே பட்டியல். எனக்கு அதில் கணக்கு இல்லை, ரெபெக்காவுக்குத்தான் உண்டு. அதன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே அனுப்பிவிட்டேன்.

அதில் நேரம் போட வேண்டும். நம் நேரம் போடக் கூடாது, லண்டன் பக்கத்து நேரம் போட வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மறந்துவிட்டது. ராத்திரி ஒன்பது நாற்பதை அப்படியே போட்டேன். வானத்தில் ஓடுகிற கல் ஏதாவது அந்த நேரத்தில் குறுக்கே வந்ததா என்று பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. தப்பான நேரத்தைப் போட்டால் அது தப்பான இடத்தில் தேடி, "ஒன்றும் இல்லை" என்று சொல்லத்தானே செய்யும்? உண்மையில் அங்கே ஒரு கல்தான் இருந்தது. எவரோ வெளிநாட்டில் தன் டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "அங்கு எதுவும் இல்லை" என்று எழுதினார்.

லோகநாதன் சார் ரெபெக்காவைக் கூப்பிட்டார். அவள் லீவுக்கு வந்திருந்தாள். மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இருபது நிமிடம் பேசினாள். "சாரி சார், சாரி சார்" என்று மட்டும் காதில் விழுந்தது. ஆறு மாதம் அவள் எதுவும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நாலு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன், திட்டினால் திட்டட்டும் என்று. கூப்பிடவே இல்லை. மறந்துவிட்டார் போல. நானெல்லாம் அவர் கணக்கில் ஒரு ஆளா?

உண்மையைச் சொல்கிறேன், ஒரு பக்கம் அவளுக்கு நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது. எல்லாவற்றுக்கும் "இரு, இரு" என்பாள். பஸ் வந்தால் இரு. பரோட்டா வந்தால் இரு, கை கழுவிட்டு வரேன்.

சரி, அது போகட்டும். அந்த ஆறு மாதம் போன வாரம்தான் முடிந்தது. இந்தத் திங்கட்கிழமை நூற்றுப் பதினேழாம் கூட்டத்தை எடுத்தேன், உங்கள் இடது கையில் இருக்கிறதே, அது. சுத்தம். செவ்வாய்க்கிழமை எடுத்தேன், ஒரு புள்ளி. நான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் பொறுத்தேன். நான்! புதன்கிழமை எடுத்தேன், அதே இடத்தில் அதே புள்ளி, முன்னைவிட வெளிச்சமாக. கல்லாக இருந்தால் நகர்ந்திருக்கும். நகரவில்லை. அது நட்சத்திரம் அக்கா. எங்கேயோ ஒன்று வெடித்து, அந்த வெளிச்சம் கோடிக்கணக்கான வருஷம் நடந்து, ஆம்பூரில் தோல் நாற்றம் அடிக்கிற ஒரு மொட்டை மாடிக்கு வந்திருக்கிறது. அப்போது அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் படங்களை அனுப்பிவிட்டு ரெபெக்காவிடம் விதிப்படி எண் மட்டும் சொன்னேன். "நூத்திப் பதினேழு பாரு." அவ்வளவுதான் சொல்லலாம். பகல் முழுக்கப் பதில் இல்லை. பிராக்டிகலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மெசேஜ் வருகிறது. "பாத்தேன். மேல இடது பக்கம்." ஐயோ, இடத்தைச் சொல்லிவிட்டேனே, சே. சரி, அதைக் காதில் வாங்காதீர்கள், நீங்களாகப் பாருங்கள். அதற்கப்புறம் என்ன எழுதினாள் தெரியுமா? "இரு. யார்கிட்டயும் சொல்லாத. நோட்டை போட்டோ எடுத்து அனுப்பு, நேரம் வேணும்."

நோட்டு என்னிடம் இருக்கிறது. கேமராவில் இருக்கிற கடிகாரம் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அதனால் எந்தப் படத்தை எத்தனை மணிக்கு எடுத்தேன் என்று நான் கையால் எழுதி வைப்பேன். அது என் நோட்டு. என் கையெழுத்து. அவளுக்கு எதற்கு நேரம்? நீங்களே சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்கிறாள், நேரத்தைக் கொடு என்கிறாள். கணக்கு அவளுடையது, மாடி அவளுடையது, டெலஸ்கோப் அவள் வீட்டில். என்னுடையது என்று இருந்தது அந்த நேரம் ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டால்? பட்டியலில் ரெபெக்கா என்று ஏறும். அவளுக்கு காலேஜ் இருக்கிறது, மார்க் இருக்கிறது, நாளைக்கு எம்.எஸ்ஸி. போவாள். இதுவுமா வேண்டும்?

எனக்குப் பெயர் ஆசை கிடையாது. இல்லை, பொய். இருக்கிறது. மார்க் ஷீட் தவிர எந்தத் தாளிலும் என் பெயர் அச்சில் வந்ததில்லை அக்கா. அம்மா தினமும் கேட்பாள், "வானத்தப் பாத்துகினு இன்னாடி கிழிச்ச? எங்கனா ஒரு இடத்துல உன் பேர் வந்துச்சா?" வந்தால் ஒரு தடவை அவளிடம் காட்ட வேண்டும். காட்டிவிட்டுப் போய்விடுவேன். திங்கட்கிழமை ஓசூர் பக்கம் செல்போன் கம்பெனிக்குப் போகிறேன், ஹாஸ்டல், மூன்று வருஷம். வாசலிலேயே நம் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மாடியும் கிடையாது, வானமும் கிடையாது. ஒரு ரூமில் எட்டுப் பேர்.

அதனால் வியாழக்கிழமை ராத்திரியே சிம்மைக் கழற்றி நோட்டு அட்டையில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கேட்டால்தானே கொடுக்க வேண்டும்? கேட்கவே முடியாது. நேற்று சாயங்காலம் ரெபெக்கா தன் அம்மாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், பாருங்கள் அவள் சாமர்த்தியத்தை. நான் பீரோவுக்குப் பின்னால் நின்றேன். என் அம்மா அவரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள்.

"சங்கவி இல்லைங்களா? பாப்பா வேலூர்லருந்து பத்து தடவை போன் பண்ணிட்டா. ஏதோ நோட்டாம். அவசரமாம்."

"அவ ஓவர்டைம்ல கீறாங்க."

"ஒரே ஒரு பக்கம் போதுமாம். எங்க வெச்சிருக்குன்னு சொன்னா நானே பாத்து எழுதிக்கிறேனே."

"எனக்கு இன்னாங்க தெரியும் அதெல்லாம்?"

ரெபெக்கா அம்மா கூடையிலிருந்து ஒரு பாக்ஸை எடுத்தார். பிறகு, "இந்த டிபன் பாக்ஸ மட்டும் குடுங்க. நேத்து மாடிக்கு வரல, தோச சாப்ட்டாளோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாப்பிடவில்லை. நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டேன். இன்றைக்குக் காலையில் இந்தப் படங்களை பிரிண்ட் போட்டுக்கொண்டு, மதியம் கிளம்பிவிட்டேன். மேலே இருக்கிறவர்கள் பெரியவர்கள், படித்தவர்கள். ஒளியைப் பிரித்துப் பார்க்கிற கருவி அவர்களிடம் இருக்கிறது. பிரித்துப் பார்த்து, "ஆமாம், வெடித்த நட்சத்திரம்தான்" என்று அவர்கள் சொன்னால்தான் அது நட்சத்திரம். அதுவரை வெறும் புள்ளி. நேராக அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் நடுவில் ரெபெக்கா எதற்கு?

என்ன கேட்டீர்கள்?

இல்லை, நேரம் எதற்கு என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லி ஏமாற்றுவாள். ஏமாற்றினாளா என்றால்... இதுவரை இல்லை. அதற்காக இனிமேலும் மாட்டாள் என்று இருக்கிறதா? நீங்கள் யார் பக்கம் பேசுகிறீர்கள்?

அங்கே பாருங்கள், மேகம். மலை உச்சியில் கறுப்பாக நிற்கிறது. ஐயோ. மழை என்றால் அந்தக் குண்டைத் திறக்கவே மாட்டார்களே. அக்கா, ஒரு ஊக்கு இருந்தால் கொடுங்கள். சிம் போட வேண்டும். மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று போனில் படம் வரும். அவளோடு பேசுவதற்கு இல்லை, சொல்லிவிட்டேன். மேகத்துக்கு மட்டும்.

போட்டாயிற்று. டவர் இல்லை. இந்தக் காட்டில் எங்கே வரும்? அடுத்த வளைவிலா? நீங்கள் தினமும் போகிறவர், உங்களுக்குத் தெரியும். சரி.

வந்துவிட்டது. இரண்டு கோடு. இருங்கள்... என்ன இது இப்படி அடித்துக்கொள்கிறது? எல்லாம் ரெபெக்கா. நாற்பத்தொரு மெசேஜ். பாருங்கள் அக்கா, நான் சொன்னேன் இல்லையா? எவ்வளவு அவசரம் பாருங்கள் அவளுக்கு. படித்தே காட்டுகிறேன், அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

வியாழன், ராத்திரி. "ஏய் எங்கடி போன? நோட்டு." அப்புறம் ஒரு படம். பட்டியலுக்கு அனுப்புகிற ஃபார்ம் அது. நிரப்பி வைத்திருக்கிறாள். கீழே எழுதியிருக்கிறாள், "உன் அப்பா இனிஷியல் முன்னாடி போடட்டுமா, பின்னாடியா?"

இருங்கள்.

கண்டுபிடித்தவர் என்கிற இடத்தில் என் பெயர் இருக்கிறது. சங்கவி, ஆம்பூர், தமிழ்நாடு. என் பெயர் மட்டும்தான். அவள் பெயர் கீழே, சரிபார்த்தவர் என்று. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறாள். நேரம் மட்டும் காலி.

வெள்ளி, காலை. "நேரம் இல்லாம போகாதுடி. போன் எடு." வெள்ளி, மதியம். "குத்துமதிப்பா போடவா? பயமா இருக்கு." அப்புறம், "பிப்ரவரில சார்கிட்ட நான்தான் டைப் பண்ணேன், நான்தான் கழிக்க மறந்தேன்னு சொன்னேன். இன்னொரு தடவ தப்பானா டெலஸ்கோப்ப எடுத்துட்டுப் போயிடுவேன்னாரு. அப்புறம் நீ மாடிக்கு வந்து என்ன பண்ணுவ? அதான் குத்துமதிப்பா போடல." வெள்ளி, சாயங்காலம். "அம்மாவ அனுப்பறேன். ஒரே ஒரு நம்பர் சொல்லுடி." அப்புறம் நேரம், நேரம், நேரம். வெறும் அந்த ஒரு வார்த்தை. எத்தனை? பதினாலு, பதினைந்து... பதினேழு.

இன்றைக்குக் காலை. "ஜப்பான்ல ஒருத்தர் நேத்து ராத்திரி அனுப்பிட்டாரு. அவர் பேர் ஏறிடுச்சு." மதியம் ஒரு மணிக்குக் கடைசி மெசேஜ். "இத்தாலில ஒளியப் பிரிச்சுப் பாத்துட்டாங்களாம். வெடிச்ச நட்சத்திரம்தானாம். நீ செவ்வாய்க்கிழமையே பாத்துட்ட. மூணு நாள் முன்னாடி. நீ பாத்தது நிஜம்டி, அழாத."

யார் அழுகிறார்கள்? நான் அழவில்லை. நேற்று சாயங்காலம் ரெபெக்கா அம்மா வாசலில் நின்றபோது மணி ஆறரை. ஜப்பான்காரர் அனுப்பியது அதற்கப்புறம். பீரோவுக்குப் பின்னாலிருந்து இரண்டு அடி வைத்திருந்தால் போதும். நோட்டு என் கையில்தான் இருந்தது அக்கா. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

சே, டவர் போய்விட்டது.

என்ன? எங்கே? விரலை வையுங்கள் பார்க்கலாம். திங்கட்கிழமைப் படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். இல்லை. புதன்கிழமை? இருக்கிறது. ஆமாம் அக்கா. அதேதான். இடத்தை நான் உளறினேன், ஆனாலும் நீங்கள்தான் பார்த்தீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதற்கு?

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். இறங்க வேண்டும். மேலே இல்லை, இங்கேயே. டவர் வந்த அந்த வளைவு பின்னால் அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும், திரும்பி நடந்து போனால் டவர் வரும். அண்ணா! விசில் அடிங்க அண்ணா, நான் இங்க இறங்கிக்கிறேன்! மழை வந்தால் வரட்டும். நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, எட்டு நாற்பத்திரண்டு. நம்ம நேரம். ஐந்தரை மணி கழிக்க வேண்டும். இனிமேல் அந்த எண் எதற்கும் ஆகாது என்று எனக்கும் தெரியும் அக்கா. ஆனால் அவள் கேட்டாளே. பதினேழு தடவை கேட்டாள்.